அடுத்து எந்த ராக்கெட் திரும்பி வர வேண்டும்? எஸ்டெஸ் மறுவெளியீடுகள் – விவாத இழை

பெர்த்தா நேசன்:

வணக்கம் நண்பர்களே.

புத்தாண்டுப் பட்டியல் வரும் காலம் நெருங்கினாலே மாதிரி ராக்கெட் கட்டுகிறவர்கள் எல்லாரும் கொலராடோ மாநிலத்தின் பென்ரோஸ் ஊரை நோக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். மாதிரி ராக்கெட்டுகளைச் செய்து விற்கும் எஸ்டெஸ் நிறுவனம் அங்கே இருக்கிறது. புதிதாக என்ன வருகிறது என்பதைவிட, பழையதில் எது திரும்பி வருகிறது என்பதுதான் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய கேள்வி.

2018 தொடக்கத்தில் தாய் நிறுவனமான ஹாபிகோ திவாலானபோது, இனி இந்தப் பெயரில் எதுவும் வராது என்றே பலரும் பயந்தார்கள். அந்த ஆண்டே ஜான் லாங்ஃபோர்டின் குடும்பம் எஸ்டெஸை வாங்கியது. அவர் இளமையிலிருந்தே ராக்கெட் கட்டியவர். ஆளில்லா விமானங்கள் செய்யும் அரோரா நிறுவனத்தைத் தொடங்கியவர். மறு ஆண்டே, நிலவில் மனிதன் இறங்கிய 50-ஆம் ஆண்டையொட்டி 1:100 அளவில் சாட்டர்ன் 5 வந்தது. கிட்டின், அதாவது பாகங்களாக வந்து நாமே ஒட்டிக் கட்டும் பெட்டியின், எண் 1969. பிறகு ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தைச் சுமந்த சாட்டர்ன் 5 வந்தது, அதன் எண் 1973. பெட்டியின் எண்ணிலேயே ஆண்டைப் பொறிக்கிறவர்கள் நம் ஆசை அறிந்தவர்கள் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதுதான் வந்தது.

என் ஆசையை முதலில் சொல்லிவிடுகிறேன்: மார்ஸ் லேண்டர். 1969-இல் வந்த வடிவம். மற்ற ராக்கெட்டுகள் பாரசூட்டில் வந்து புல்லில் சாயும். இது அதிர்ச்சி தாங்கும் கால்களில் வந்து நிற்பதற்காகவே வரையப்பட்டது. உடல் முழுக்கத் தாளில் வெட்டிச் சுற்றிய கூம்புகள். வட கரோலினாவின் செம்ராக் நிறுவனம் ஒருமுறை அதை உயிர்ப்பித்தது. எஸ்டெஸ் பெயரிலேயே அது கடை அலமாரியில் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் இந்த இழையைத் தொடங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு கிட் திரும்பி வருகிறது என்றால் எது திரும்பி வர வேண்டும்? அதன் தோற்றமா, அல்லது அதைக் கட்டும் முறையா? தாள் கூம்புக்குப் பதில் பிளாஸ்டிக் கூம்பை வைத்து மார்ஸ் லேண்டர் என்று விற்றால் அது மார்ஸ் லேண்டர்தானா? உங்கள் கருத்தையும் ஆசைப் பட்டியலையும் எழுதுங்கள்.


சிகாகோ தச்சன்:

நல்ல கேள்வி நேசன். என் பதில் தெளிவானது: கட்டும் முறைதான் கிட். தோற்றம் வேண்டுமென்றால் படம் போதும்.

சாட்டர்ன் 1பி கட்டியவர்களைக் கேளுங்கள். உண்மையான ராக்கெட்டின் முதல் அடுக்கில் நடுவே ஒரு பெரிய தொட்டி, அதைச் சுற்றி எட்டுத் தொட்டிகள். நடுவில் இருப்பது ஜூபிடர் ஏவுகணையின் விட்டம், சுற்றியுள்ளவை ரெட்ஸ்டோனின் விட்டம். கையில் இருந்த கருவிகளை வைத்து அவசரத்தில் ஒரு பெரிய ராக்கெட்டை எப்படிச் செய்தார்கள் என்பது அந்தக் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும்போதுதான் விரலுக்குப் புரியும். அதையே ஒரே பிளாஸ்டிக் உருளையில் வரிகளாக வார்த்துக் கொடுத்தால் வடிவம் சரியாக இருக்கும், பாடம் போய்விடும்.

இன்னொன்று. மூக்குக் கூம்பு. இலேசான பால்சா மரத்தைக் கடைசலில் பிடித்துச் செய்த கூம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டைத் திறக்கும்போது மேற்பரப்பு சொரசொரப்பாக, மரத்தின் துளைகள் தெரியும்படி இருக்கும். துளைகளை அடைக்கும் சீலர் பூசி, காயவிட்டு, நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதல் பூச்சில் நார்கள் சிலிர்த்து எழும், தேய்த்தால் அடங்கும். இரண்டாம் பூச்சில் துளைகள் பாதி அடையும். அடுத்த பூச்சில்தான் நகத்தை ஓட்டினால் தடை இல்லாமல் வழுக்கும். அந்தக் கணத்துக்காகத்தான் நான் இன்றும் கட்டுகிறேன். ஊதி வார்த்த பிளாஸ்டிக் கூம்பில் இரு பாதிகள் சேரும் கோட்டைச் சுரண்டிவிட்டால் வேலை முடிந்தது.

என் பட்டியல்: ஆர்பிட்டல் டிரான்ஸ்போர்ட். பெரிய ராக்கெட்டின் முதுகில் சிறிய கிளைடர் ஒன்று ஏறிப் போய், உச்சியில் பிரிந்து தனியாக மிதந்து இறங்கும். இது ஏற்கெனவே ஒருமுறை மறுவெளியீடாக வந்தது. மறுபடியும் வரட்டும். அதற்குப் பால்சாவைத் தவிர வேறு வழியே இல்லை. கிளைடர் மிதக்க வேண்டுமே.


நிலாமகள் ஆஸ்டின்:

தச்சன் அண்ணா, உங்கள் எழுத்தைப் படித்தால் இப்போதே உப்புத்தாளை எடுக்கத் தோன்றுகிறது. ஆனாலும் நான் மறுத்துப் பேசியாக வேண்டும்.

இங்கே பள்ளி மாணவர்கள் குழு ஒன்றுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். கோழி முட்டையை உடையாமல் மேலே அனுப்பி இறக்கும் அமெரிக்க ராக்கெட் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள். அவர்களிடம் மார்ஸ் லேண்டர் என்றால் முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. 1:100 அளவு ஃபால்கன் 9 என்றால் கண் விரியும். அது தரையில் வந்து நிற்பதை அவர்கள் நேரலையில் பார்த்து வளர்ந்தவர்கள். நியூ ஷெப்பர்டும் அப்படித்தான். இவை இரண்டையும் எஸ்டெஸ் கொண்டுவந்தபோது, கட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று பலர் குறைப்பட்டார்கள். ஆனால் அந்த ஃபால்கனைப் பார்த்துத்தான் எங்கள் குழுவுக்குப் புதிய பிள்ளைகள் வந்தார்கள்.

முதல் ராக்கெட் அன்றே பறக்க வேண்டும். ஆல்பா 3 அதற்காகவே இருக்கிறது. வால்துடுப்புகள் மூன்றும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக வரும். நேராக ஒட்டியிருக்கிறதா என்ற கவலை இல்லை. காலையில் ஒட்டினால் மாலையில் ஏவலாம். அது பறந்த பிறகு அதே பிள்ளையிடம் பழைய ஆல்பாவைக் கொடுக்கிறேன். அதில் பால்சாத் துடுப்பு. மரத்தின் இழை துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும், இல்லையென்றால் தரையிறங்கும்போது முறிந்துவிடும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு சிறுமி துடுப்பை வெளிச்சத்தில் பிடித்து இழையைத் தேடிப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் முன்விளிம்பை உருட்டித் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த ஆர்வம் இரண்டாவது கிட்டில்தான் வருகிறது.

ஆகவே என் ஆசை மறுவெளியீடு அல்ல. ஆல்பா 3-க்கும் சாட்டர்ன் 5-க்கும் நடுவே ஏறிப்போக நல்ல படிகள் வேண்டும். பிக் பெர்த்தா ஒன்று அப்படி இருக்கிறது. இன்னும் சில வேண்டும்.


பெர்த்தா நேசன்:

நிலாமகள் அக்கா, பெர்த்தாவைச் சொன்னதற்கு நன்றி, என் பெயருக்கே காரணம் அதுதான். பிடி-60 என்ற அளவுக் குழாய், பெரிய வளைந்த துடுப்புகள், கறுப்பு வண்ணம். பருமனுக்கு ஏற்ற எடை இல்லாததால் ஏவுகம்பியை விட்டு அவசரமில்லாமல் எழும். சிறு ராக்கெட்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுகின்றன. பெர்த்தாவை மட்டும் முழுதாகப் பார்க்கலாம். 1960-களில் வந்த அதை இன்றும் பட்டியலில் வைத்திருப்பதே எஸ்டெஸ் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.


தாள்கூம்பு:

எது வரும், எது வராது என்பதை ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்ப்போம்.

ஒரு கிட்டைத் திரும்பக் கொண்டுவர என்ன வேண்டும்? தாள் குழாய் வேண்டும்: நிறுவனம் தினமும் சுற்றுகிறது. பால்சாப் பலகை வேண்டும்: முன்பெல்லாம் எஃகு அச்சு கொண்டு அழுத்தி வெட்டினார்கள். அச்சு மழுங்கினால் மரம் நசுங்கும், ஓரம் பிய்ந்து வரும், பழைய கிட் திறந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். இப்போது லேசர் வெட்டுகிறது. பழைய வரைபடத்தைக் கணினியில் ஏற்றினால் போதும், அச்சே வேண்டாம். தாள் கூம்பு வேண்டும்: அச்சகம் போதும். டெக்கால், அதாவது உடலில் ஒட்டும் எழுத்தும் படமும், வேண்டும்: அதுவும் அச்சகம்தான்.

ஆனால் ஒரே ஒரு தனிப்பட்ட பிளாஸ்டிக் துண்டு அந்தக் கிட்டில் இருந்தால் கதை மாறிவிடும். பழைய உலோக அச்சு எங்கே என்று தேட வேண்டும். கிடைத்தாலும் துரு ஏறியிருக்கிறதா, இன்றைய இயந்திரத்தில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் புதிதாகச் செய்ய வேண்டும். எஃகு அச்சு செய்வது சிறிய செலவு அல்ல. 1970-களின் மாக்ஸி புரூட் வரிசையில் பெர்ஷிங், ஆனெஸ்ட் ஜான் ஏவுகணைகளின் மாதிரிகள் பிரமாண்டமாக இருந்தன. அவற்றின் அழகே அந்தப் பெரிய பிளாஸ்டிக் பாகங்கள்தான். அவற்றைக் கேட்பவர்கள் பலர். ஆனால் தடையும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆகவே நான் நம்புவது இதுதான். 1960-களின் கிட்கள் திரும்பி வருவது எளிது, பிளாஸ்டிக் மலிந்த பிற்காலக் கிட்கள் வருவது கடினம். வயது கூடக்கூட வாய்ப்புக் குறையும் என்று நினைப்போம், இங்கே நேர்மாறு. நேசன் கேட்ட கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. எளிதில் திரும்பி வரக்கூடியவை எவையோ அவையேதான் கையால் கட்டத் தகுந்தவையும்.

பிறகு உரிமம். 1970-களில் ஸ்டார் டிரெக் கப்பலும் ஸ்டார் வார்ஸ் எக்ஸ் விங்கும் எஸ்டெஸ் பெயரில் பறந்தன. அச்சு பத்திரமாக இருந்தாலும், திரைப்பட நிறுவனத்தின் கையெழுத்து இல்லாமல் அவை அலமாரிக்கு வராது. அந்த ஆசையைப் பட்டியலின் கடைசியில் வைத்துக்கொள்வது மனதுக்கு நல்லது.


சிகாகோ தச்சன்:

முழுக்க ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்: பால்சாவின் விலை. உலகப் பால்சாவின் பெரும் பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. காற்றாலை இறக்கைகளின் உள்ளீடாக அந்த மரம் பயன்படுவதால், 2020-ஐ ஒட்டிய காலத்தில் தேவை திடீரென ஏறி விலையும் ஏறியது. நல்ல, இலேசான, நேர் இழைப் பலகை கிடைப்பதே பாடாகிவிட்டது. ஒரு கிட்டில் பால்சாக் கூம்பு இருக்கிறது என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொண்டு வாங்குங்கள்.


காரைக்குடி ஃபீனிக்ஸ்:

பிள்ளைகளே, சற்றுப் பின்னால் போய்ப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொழுதுபோக்கு தொடங்கியதே நெப்ராஸ்காவின் நார்ஃபோக் ஊரில் ஒரு செருப்புக் கடைக்காரரிடம். ஆர்வில் கார்லைல் என்று பெயர். வாணவேடிக்கையில் ஈடுபாடு உள்ளவர். சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து 1954-இல் திரும்பத் திரும்ப ஏவக்கூடிய, பாரசூட்டில் இறங்கும் ராக்கெட்டைச் செய்தார். நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், பிள்ளைகள் வீட்டில் வெடிமருந்து கலந்து விரல்களை இழப்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். கார்லைலின் ராக்கெட்டைப் பார்த்ததும் இதுதான் வழி என்று கண்டுகொண்டார். 1957-இல் நிறுவனமும் தொடங்கினார், தேசியச் சங்கமும் தொடங்கினார். மோட்டார் போதவில்லை. டென்வரில் வாணவேடிக்கை செய்த குடும்பத்தைச் சேர்ந்த வெர்ன் எஸ்டெஸ் மோட்டாரைத் தானாக அழுத்திச் செய்யும் இயந்திரத்தைக் கட்டினார். அதற்கு மேபெல் என்று பெயர் வைத்தார். பிறகுதான் பென்ரோஸ்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், மறுவெளியீடு என்றதும் எல்லாரும் எஸ்டெஸின் பழைய பட்டியலை மட்டும் புரட்டுகிறீர்கள். நான் இருக்கும் இந்த ஃபீனிக்ஸ் நகரத்தில்தான் செஞ்சூரி என்ற மாதிரி ராக்கெட் நிறுவனம் இருந்தது. லீ பீஸ்டர் தொடங்கியது. எஸ்டெஸை 1969-இல் வாங்கிய டேமன் நிறுவனம் பிற்பாடு செஞ்சூரியையும் வாங்கியது. 1980-களில் அந்தப் பெயரே பட்டியலிலிருந்து மறைந்தது. நான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த காலத்தில் கடைகளில் இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். செஞ்சூரியின் வடிவங்களில் ஒரு துணிச்சல் உண்டு. பெட்டிப் படமும் அப்படித்தான் இருக்கும். ஒரே கூரைக்குள் வந்த இரண்டு குடும்பங்களின் சொத்தில் ஒன்றை மட்டும் ஏன் திறந்து பார்க்கிறோம்? செம்ராக் அந்தப் பக்கத்தைத் தொட்டது. நான் கேட்பதெல்லாம் செஞ்சூரி என்ற பெயரைப் பெட்டியின் மூலையிலாவது அச்சிட்டு அந்த வடிவங்களைக் கொண்டுவாருங்கள் என்பதுதான்.


திறக்காத பெட்டி:

நான் சேகரிப்பாளன். இங்கே எங்களைப் பற்றி நல்ல பெயர் இல்லை என்பது தெரியும்; இருந்தாலும் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

1960-களின் கிட்டில் திறக்காமல் மிஞ்சியிருப்பவை கொஞ்சம். அச்சு எழுத்து, பையின் மேலே தைத்த அட்டை, கையால் வரைந்த கட்டுமான விளக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காலம். யாராவது வைத்திருக்கவில்லை என்றால் இன்று லேசருக்குக் கொடுக்க வரைபடமே இருக்காது. மறுவெளியீட்டை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பழைய அட்டையை அப்படியே அச்சிட்டுப் புதுக் கிட்டில் வைக்கக் கூடாது. பத்து ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அதைப் பழையது என்று நம்பிப் பெரும் பணம் கொடுப்பார்.


தாள்கூம்பு:

உங்கள் கவலை நியாயமானது. சாட்டர்ன் 5 விஷயத்தில் அதை எஸ்டெஸ் சரியாகவே கையாண்டது. முதல் வெளியீடு கே-36, 50-ஆம் ஆண்டு வெளியீடு 1969. எண்ணைப் பார்த்தாலே எது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். எல்லா மறுவெளியீட்டுக்கும் இந்த முறை இருந்தால் உங்களுக்கும் எங்களுக்கும் சண்டையே இல்லை.

ஆனால் ஒரு வார்த்தை. டெக்கால் உங்கள் பெட்டிக்குள் மஞ்சளாகிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் கயிறு இற்றுப்போகிறது. எதையும் காலம் விட்டுவைக்காது. முடிந்தால் உள்ளே இருக்கும் தாள்கள் அனைத்தையும் நல்ல தெளிவில் ஸ்கேன் எடுத்து வையுங்கள். கட்டுகிறவர்கள் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.


திறக்காத பெட்டி:

எடுக்கிறேன். வாரக் கடைசியில் தொடங்குகிறேன். முதலில் மார்ஸ் லேண்டரின் கூம்புத் தாள்களா?


பெர்த்தா நேசன்:

ஐயா, அதைவிடப் பெரிய உதவி எனக்கு வேறில்லை. ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஸ்கேன் எடுங்கள். அச்சிடும்போது அளவு ஒரு நூல் குறைந்தாலும் கூம்பு குழாயின் மேல் உட்காராது.


நிலாமகள் ஆஸ்டின்:

மோட்டாரைப் பற்றி யாரும் பேசவில்லையே? கிட் திரும்பி வந்தால் போதுமா? அதை ஏற்றிச் செல்ல மோட்டார் இருக்க வேண்டாமா?

புதிதாக வருகிறவர்களுக்காக: மோட்டாரின் மேல் பி6-4 என்று எழுதியிருக்கும். எழுத்து மோட்டார் தரும் மொத்த உந்துதலை (கணத்தாக்கை) காட்டும். ஏ-யின் உச்ச வரம்பு 2.5 நியூட்டன் வினாடி, பி-க்கு 5, சி-க்கு 10, டி-க்கு 20 என்று ஒவ்வொரு எழுத்திலும் இரட்டிக்கும். அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிந்து முடிந்த பிறகு பாரசூட்டைத் தள்ளும் வரை எத்தனை வினாடி என்பது. சி6-யும் சி5-யும் காகிதத்தில் ஏறக்குறைய ஒன்று. ஆனால் சி5 தொடக்கத்தில் கொடுக்கும் உதை பலமானது. உண்மை ராக்கெட்டைச் சுருக்கிச் செய்த பருமனான, கனமான அளவு மாதிரிகள் ஏவுகம்பியை விட்டு வெளியேறும்போது போதிய வேகம் இல்லாவிட்டால் காற்றில் சாய்ந்துவிடும். அங்கே அந்த முதல் உதைதான் காப்பாற்றும். பல ஆண்டுகள் காணாமல் போயிருந்த சி5-3-ஐ எஸ்டெஸ் மறுபடி கொண்டுவந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி, எந்தக் கிட் வந்தபோதும் அடைந்ததில்லை.

எனக்கு ஒரே ஒரு மறுவெளியீடு கேட்க உரிமை உண்டு என்றால் பி14 மோட்டாரைக் கேட்பேன். அடுக்கு ராக்கெட்டுகளுக்கு அதைப் போல ஒன்று இல்லை என்று மூத்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.


காரைக்குடி ஃபீனிக்ஸ்:

உண்மை அம்மா. பி14-ஐ எரித்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. ஆனால் அது வருவது கடினம் என்றே நினைக்கிறேன். கருமருந்துக்குள்ளே துளையைக் குடைந்தால்தான் ஒரே நேரத்தில் அதிகப் பரப்பு எரிந்து அந்த உதை கிடைக்கும். அழுத்திய கருமருந்தைத் துளையிடுவது தொழிற்சாலையில் எவரும் விரும்பிச் செய்யும் வேலையல்ல. அங்கே வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பு நம் ஆசையைவிடப் பெரியது.

18 மில்லிமீட்டர் மோட்டாரில் தவித்த பழைய வடிவங்களுக்கு 24 மில்லிமீட்டர் டி12 போட இடம் செய்து கொடுப்பதுதான் இன்றைய வழி. அப்படிச் செய்யும்போது பின்பக்கம் கனக்கும், எடை மையம் பின்னால் நகரும். மூக்கில் களிமண் வைத்துச் சரிக்கட்ட வேண்டும். மறுவெளியீட்டில் இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். கட்டும் முறை மாறவில்லை, பறப்பது பாதுகாப்பாகிறது.


தாள்கூம்பு:

ஐயா சொன்னது நேசன் போட்ட கேள்வியைச் சற்று மாற்றுகிறது. எல்லாவற்றையும் பழையபடியே வைத்தால் பறக்காத கிட்களும் உண்டு.

சினிராக்கை நினைத்துப் பாருங்கள். 1970-இல் வந்தது, ராக்கெட்டின் மூக்கிலேயே சூப்பர் 8 படச்சுருள் கேமரா. சிறு கண்ணாடி வழியாகக் கீழ்நோக்கிப் பார்க்கும். தரை விலகிப் போவதைப் படமெடுக்கும். அதற்கும் முன்னால் 1965-இல் கேம்ராக், ஒரு ஏவலுக்கு ஒரே ஒரு புகைப்படம். இவற்றைப் பழையபடியே கொண்டுவந்தால் படச்சுருளுக்கு எங்கே போவது, யார் கழுவித் தருவார்? ஆனால் அதே வெளிக்கூட்டைச் செய்து, உள்ளே விரல் நுனி அளவு டிஜிட்டல் கேமராவை வைக்க இடம் கொடுத்தால் நாளைக்கே வாங்குவேன். அங்கே கட்டும் முறை முக்கியமில்லை. கீழே பார்க்கும் அந்தக் கண்தான் கிட்.


சிகாகோ தச்சன்:

சினிராக் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். கூம்பு விஷயத்தில் விடமாட்டேன்.


கோவை வானோடி:

வணக்கம். நீண்ட நாளாகப் படித்துவருகிறேன், இன்றுதான் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் பொறியியல் மாணவன். உங்களைப் போலக் கடையில் மோட்டார் வாங்கி வார இறுதியில் ஏவும் வசதி எனக்கு இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய கிட் வரைபடங்களை வைத்து அட்டைக் குழாயில் கட்டி அலமாரியில் நிறுத்தி வைக்கிறேன். நீரழுத்த ராக்கெட் மட்டும் கல்லூரி மைதானத்தில் ஏவுகிறோம்.

எனக்கு ஓர் ஆசை உண்டு, அது மறுவெளியீடு பட்டியலில் சேருமா என்று தெரியவில்லை. 1963 நவம்பர் 21 மாலை கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏறிய முதல் ராக்கெட் நைக் அப்பாச்சி. நாசா கொடுத்தது. சோடியம் ஆவியை வானில் விட்டு மேலடுக்குக் காற்றை அளந்தார்கள். ராமேசுவரத்தின் அப்துல் கலாம் அந்த ஏவலில் ராக்கெட்டை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்தார். மேரி மக்தலேனா தேவாலயம்தான் அலுவலகம். இந்திய விண்வெளிப் பயணம் எந்த ராக்கெட்டில் தொடங்கியதோ அதற்கு ஒரு நல்ல கிட் வேண்டும் என்று கேட்பது அதிகமா?


காரைக்குடி ஃபீனிக்ஸ்:

தம்பி, அதிகமே இல்லை. இதுவரை இந்த இழையில் வந்த ஆசைகளில் எனக்கு நெருக்கமானது இதுதான். அமெரிக்கக் கிட் நிறுவனங்கள் நைக் ஸ்மோக்கைப் பலமுறை கொண்டுவந்தன. கீழ் அடுக்கு அதே நைக்தான். மேலே அப்பாச்சிக்குப் பதில் புகை விடும் நீண்ட கூம்பு இருக்கும். வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து ஏவினார்கள். கலாம் பயிற்சி பெற்ற இடமும் அதுதான். நைக் அப்பாச்சி அதைவிடக் கனிந்த தோற்றம் உடையது. தடித்த அடியும் மெல்லிய மேலுமாக நிற்கும்.


சிகாகோ தச்சன்:

வானோடி தம்பி, கிட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நைக் பூஸ்டரின் விட்டம் 16.5 அங்குலம், அப்பாச்சியின் விட்டம் 6.5 அங்குலம். எஸ்டெஸ் குழாய்களில் பிடி-55 விட்டம் 1.325 அங்குலம், பிடி-5 விட்டம் 0.544 அங்குலம். கீழ் அடுக்குக்கு ஏறக்குறைய 1:12.5, மேல் அடுக்குக்கு 1:12. நான்கு விழுக்காடு வேறுபாடு. அளவு மாதிரிப் போட்டியில் நடுவர் கண்டுபிடித்துவிடுவார், மற்றபடி கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் இங்கே பறக்கவிட மேல் அடுக்கில் 13 மில்லிமீட்டர் சிறு மோட்டார் பொருந்தும். கீழே தாமதம் இல்லாத மோட்டார் போட்டால் அது எரிந்து முடிந்த கையோடு மேலே உள்ளதைப் பற்றவைக்கும். உங்களுக்கு அலமாரிக்கு என்றால் இந்தக் குழாய்களே போதும்.

அடுக்குகள் இணையும் இடத்தில் வரும் சிறு கூம்பையும் மூக்குக் கூம்பையும் நான் கடைசலில் பிடித்துத் தருகிறேன். பால்சாவில்தான்.


கோவை வானோடி:

அண்ணா, எனக்குப் பேச்சே வரவில்லை. இங்கே பிடி குழாய்கள் கிடைக்காது. அதே விட்டத்தில் அட்டைக் குழாயை நானே சுற்றிக்கொள்ளலாமா?


சிகாகோ தச்சன்:

தாராளமாக. சுற்றும் கம்பியின் விட்டத்தைக் குழாயின் உள்விட்டத்துக்குச் சரியாக எடுத்துக்கொள்ளுங்கள். கூம்பின் அடிப்பகுதி உள்ளே போகும், வெளிவிட்டம் அதற்குப் பயன்படாது. நீங்கள் சுற்றி முடித்துக் காய்ந்த பிறகு உள்விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து அனுப்புங்கள். அட்டை காயும்போது சற்றுச் சுருங்கும். அந்த அளவுக்கு ஏற்ப நான் கடைந்துகொள்கிறேன். நுனியை வளைவாக உருட்டி எடுக்கட்டுமா, கூராக விடட்டுமா?


காரைக்குடி ஃபீனிக்ஸ்:

தச்சன், அப்பாச்சியின் நுனியைத் தும்பா ஏவலின் புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஏவலிலும் சுமந்த கருவிக்கு ஏற்ப மூக்குப் பகுதியின் நீளம் மாறும். தம்பி, உங்கள் பக்கத்தில் நல்ல தெளிவான பழைய படம் கிடைத்தால் இங்கே போடுங்கள். தும்பாவின் அந்தத் தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். அங்கே நேரில் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.


கோவை வானோடி:

அடுத்த விடுமுறையில் திருவனந்தபுரம் போகிறேன் ஐயா. படம் கிடைத்ததும் இதே இழையில் போடுகிறேன். அதுவரை குழாய் சுற்றத் தொடங்கிவிடுகிறேன்.


திறக்காத பெட்டி:

மார்ஸ் லேண்டரின் தாள்களை ஸ்கேன் எடுத்துவிட்டேன், பக்கத்தில் அளவுகோலும் இருக்கிறது. நேசன், முகவரியைத் தனி மடலில் அனுப்புங்கள்.